மேம்பாலத்துக்கு முன்பக்கம் எட்டடி போகிறது. மிச்சம் நிற்பதற்கு என்ன கணக்கு?

கடைவீதிக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஊர்ப் பெயரைச் சொல்லாமல் எழுதுகிறேன். நாளைக்கு வழக்கு என்று போனால் இது குறுக்கே வரக் கூடாது.

மாநகராட்சி எல்லைக்குள், முதன்மைச் சாலையில் எங்கள் கட்டடம். முகப்பு 24 அடி. கீழே இரண்டு கடைகள், பின்னால் நாங்கள் குடியிருக்கிறோம், மேலே ஒரு மாடி. ஒரு கடையில் என் ஸ்டேஷனரி வியாபாரம், இன்னொன்று வாடகைக்கு. சாலையில் மேம்பாலம் வருகிறது, இருபுறமும் சர்வீஸ் ரோடு போட இடம் வேண்டும் என்கிறார்கள். தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001, பிரிவு 15(2)இன்படி நோட்டீஸ் வந்திருக்கிறது.

அளக்க வந்தவர்கள் பக்கச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஓர் அம்புக்குறி போட்டு, 2.40 என்று எழுதிவிட்டுப் போனார்கள். மீட்டர் கணக்கு அது, எட்டடிக்குக் கொஞ்சம் குறைவு. முகப்போடு பெருக்கினால் சுமார் 190 சதுர அடி. நோட்டீஸிலும் அதுதான் இருக்கிறது. ஆனால் கடையின் ஆழமே பன்னிரண்டு அடி. அம்புக்குறி சரியாகக் கல்லாவுக்கு நேரே நிற்கிறது. முன்வரிசைத் தூண்கள் மூன்றும் அந்த எட்டடிக்குள்தான் வருகின்றன. தூண் போனால் மாடியின் முன்னறை போகும். மாடிப்படியும் அந்தப் பக்கம்தான்.

ஆக, காகிதத்தில் 190 சதுர அடி. நிஜத்தில் இரண்டு கடை, ஓர் அறை, ஒரு படிக்கட்டு, மாதாமாதம் வரும் வாடகை, என் பிழைப்பு. பாலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சாலையில் தினமும் நிற்பவன் நான். எடுக்கும் இடத்துக்குத்தான் பணம் என்றால், எடுக்காமலே பாழாகும் இடத்துக்கு யார் பொறுப்பு? இதில் எனக்கு என்ன உரிமை இருக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழ்க்கோர்ட்_வக்கீல்

சார், முதலில் பதற வேண்டாம். 15(2) என்பது விளக்கம் கேட்கும் நோட்டீஸ். இடம் இன்னும் உங்களுடையதுதான். அடுத்து 15(1)இல் அரசிதழ் அறிவிப்பு வரும். அது வெளியான நாளிலேயே பிரிவு 16இன்படி நிலம் எந்த வில்லங்கமும் இல்லாமல் அரசுக்குச் சேர்ந்துவிடும். அதற்கப்புறம் தொகையைப் பற்றித்தான் பேச முடியுமே தவிர, இடத்தைப் பற்றிப் பேசுவது மிகவும் கஷ்டம். எனவே உங்கள் குரல் எடுபடும் கட்டம் இதுதான். நோட்டீஸில் போட்டிருக்கும் நாளைத் தவறவிடாதீர்கள்.

அடிப்படையையும் சொல்லிவிடுகிறேன். சொத்துரிமை நம் அரசியலமைப்பில் ஒரு காலத்தில் அடிப்படை உரிமை. 1978இல் கொண்டுவந்த 44ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. இப்போது இருப்பது 300ஏ: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது. ‘சட்டம் இருந்தால் போதும், எடுத்துக்கொள்ளலாம்’ என்றுதான் பல அலுவலகங்களில் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி எதிர் பிமல் குமார் ஷா வழக்கில் அது போதாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. முன்னறிவிப்பு வேண்டும், ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும், காரணம் காட்டி முடிவெடுக்க வேண்டும், பொது நோக்கம் இருக்க வேண்டும், நியாயமான இழப்பீடு வேண்டும், வேலையை இழுத்தடிக்காமல் நடத்த வேண்டும், கடைசியில் முறையாக முடித்து வைக்க வேண்டும். இந்த ஏழும் 300ஏவுக்குள்ளேயே இருக்கின்றன என்பது தீர்ப்பு. உங்கள் ஆட்சேபக் கடிதத்தில் இதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

தினப்பயணி

எல்லோரும் உரிமையாளர் பக்கம் பேசுவீர்கள் என்பதால் மறுபக்கத்தை நான் சொல்கிறேன். அம்மாவை ஆம்புலன்ஸில் வைத்துக்கொண்டு இப்படி ஒரு சாலையில் நின்றிருக்கிறேன். அந்தச் சாலையில் ஆளாளுக்கு ஒரு ஸ்டே வாங்கி வைத்திருந்தார்கள். பாலம் பாதியில் நின்றது. ஆயிரக்கணக்கான பேர் தினமும் படும் பாட்டுக்கு யார் இழப்பீடு தருவது? பாலம் வந்தால் மிச்ச இடத்தின் விலையும் ஏறும். அந்த லாபத்தை யாரும் அரசுக்குத் திருப்பித் தருவதில்லையே.

கடைவீதிக்காரன்

உங்கள் அம்மா விஷயம் படித்ததும் மனசு கனத்துவிட்டது. ஸ்டே வாங்கி வேலையை நிறுத்த எனக்கு ஆசையே இல்லை. நான் கேட்பது கணக்கு மட்டும்தான். விலை ஏறும் என்கிறீர்கள். நான்கடி ஆழமுள்ள கடையின் விலை எப்படி ஏறும்?

வரைபடக்காரர்

‘விலை ஏறும்’ என்ற வாதம் பெரிய மனைக்குப் பொருந்தும், சின்ன மனைக்குப் பொருந்தாது. நான் கட்டட வரைபடம் போடுபவன், இதைத் தினமும் பார்க்கிறேன். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி சாலை அகலமானால் கூடுதல் எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, வாங்கலாம். 18 மீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள சாலையில் பிரீமியம் கட்டி 50 விழுக்காடு வரை கூட்டிக் கட்ட முடியும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சாலை அகலமானால் முன்பக்கம் விட வேண்டிய காலியிடமும் கூடுகிறதே. ஒரு கிரவுண்டு, இரண்டு கிரவுண்டு வைத்திருப்பவர் அதை விட்டுவிட்டு மேலே எழுப்புவார். 24 அடி முகப்பில், எட்டடி போன மனையில், முன்னாலும் பக்கத்திலும் பின்னாலும் விட்டால் நடுவில் என்ன மிஞ்சும்? இருக்கும் கட்டடத்தை இடித்தால் திரும்ப அதே அளவு கட்ட அனுமதியே கிடைக்காத மனைகள் எத்தனையோ இருக்கின்றன.

அதனால் சார், ஒன்று செய்யுங்கள். கையகப்படுத்திய பிறகு மிஞ்சும் மனையில் விதிப்படி என்ன கட்டலாம் என்று ஒரு வரைபடம் போட்டு வாங்கி, ஆட்சேபத்தோடு இணையுங்கள். ‘எனக்கு நஷ்டம்’ என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட அந்த ஒரு தாள் பேசும்.

பழைய_சர்வேயர்

நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். சுவரில் உள்ள 2.40ஐ அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள் தம்பி. அது எங்கிருந்து அளந்தது? சாலையின் நடுக்கோட்டிலிருந்தா, பழைய எல்லைக் கல்லிலிருந்தா, இல்லை தார் ரோட்டின் விளிம்பிலிருந்தா? நகரச் சாலைகளில் பழைய கல் பாதி இடத்தில் மண்ணுக்குள் போயிருக்கும், வடிகால் கட்டும்போது பிடுங்கியிருப்பார்கள். புலப்பட நகலும் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலும் வாங்கி, கூட்டு அளவைக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். அளக்கும்போது நீங்களும் உடன் நின்று, அப்போது எழுதும் மகஜரில் கையெழுத்துப் போடும் முன் அளவுகளைப் படித்துப் பாருங்கள்.

இன்னொன்று. வீடு கட்ட அனுமதி வாங்கியபோது முன்னால் கொஞ்சம் இடத்தைச் சாலை விரிவாக்கத்துக்காக உள்ளாட்சிக்குத் தான பத்திரம் எழுதிக் கொடுத்தீர்களா என்று பாருங்கள். பல பேருக்கு இது நினைவிலேயே இருக்காது, அப்பா எழுதிக் கொடுத்திருப்பார். அந்த அளவுக்கு இழப்பீடு வராது. அதேபோல வாசல்படி, சாய்தளம், தகரக் கூரை எல்லாம் சாலைப் புறம்போக்கில் நீண்டிருந்தால் ஆக்கிரமிப்பு என்று எடுத்துவிடுவார்கள். பட்டா இடத்துக்குள் இருப்பது எது, வெளியே இருப்பது எது என்று முதலிலேயே பிரித்துவிட்டால் நாளைக்கு இரண்டையும் குழப்ப முடியாது.

பட்டா யார் பெயரில் இருக்கிறது?

கடைவீதிக்காரன்

அப்பா பெயரில்தான் ஐயா. அவர் காலமாகிவிட்டார். நானும் இரண்டு தங்கைகளும் அம்மாவும் வாரிசுகள்.

பழைய_சர்வேயர்

அப்படியென்றால் இன்றைக்கே வாரிசுச் சான்றிதழ் வேலையைத் தொடங்குங்கள். இறப்புச் சான்று, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் கையில் இருக்கட்டும். உரிமை யாருக்கு என்று தெளிவில்லாவிட்டால் தொகையை உங்களிடம் தர மாட்டார்கள், டெபாசிட் செய்துவிடுவார்கள். இடம் போய்விடும், பணம் அங்கே கிடக்கும். குடும்பத்துக்குள் ஒரு சின்ன மனஸ்தாபம் இருந்தால் போதும், பல வருஷம் அப்படியே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். தங்கைகளிடம் இப்போதே பேசி, யாருக்கு எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கி_மதிப்பீட்டாளர்

தொகைக் கணக்கைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. 2013ஆம் ஆண்டு மத்திய நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் பிரிவு 26 சொல்வது இது: வழிகாட்டி மதிப்பு (பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் விலை), அல்லது அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயங்களில் விலை கூடிய பாதியின் சராசரி, எது அதிகமோ அது. அந்த மதிப்பைப் பெருக்கும் எண் நகரப்பகுதியில் ஒன்றுதான். அதற்கு மேல் நூறு விழுக்காடு ஆறுதல் தொகை. எனவே ‘இரண்டு மடங்கு தருகிறார்கள்’ என்று பேச்சு.

இப்போது நடைமுறையைப் பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலான கிரயங்கள் வழிகாட்டி மதிப்பிலோ அதை ஒட்டியோதான் பதிவாகின்றன, மிச்சம் பத்திரத்தில் வராமல் ரொக்கமாகக் கைமாறும். உதாரணத்துக்கு, உங்கள் தெருவில் உண்மையில் சதுர அடி 9,000 போகிறது, பத்திரத்தில் 4,000 என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருஷப் பத்திரங்களில் விலை கூடிய பாதியை எடுத்தாலும் சராசரி 4,000ஐ ஒட்டியே வரும். இரட்டிப்பாக்கினால் 8,000. ஆறுதல் தொகை என்று சட்டம் எதற்காகக் கொடுத்ததோ, அதாவது விருப்பமில்லாதவனிடம் வாங்குவதற்கான ஈடு, அது முழுவதும் பத்திரத்தில் குறைத்துக் காட்டிய விலையை நிரப்பவே போய்விடுகிறது. அதிலும் ஆயிரம் ரூபாய் துண்டு விழுகிறது. பத்திரச் செலவை மிச்சம் பிடிக்க ஒருவர் குறைத்துப் போட்ட விலை, அடுத்த வீட்டுக்காரரின் இழப்பீட்டைக் குறைக்கிறது. இதைத் தெருத் தெருவாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

வழிகாட்டி மதிப்பும் ஒரே சீராக ஏறியதில்லை. 2017 ஜூனில் 33 விழுக்காடு குறைத்தார்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய மதிப்புகள். எந்த நாளை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்பதில் பெரிய தொகை மாறும். வங்கிக்கடனில் வாங்கிய மனைகளின் பத்திரங்களைத் தேடுங்கள். கடனுக்காக முழு விலையைக் காட்டியிருப்பார்கள். உங்கள் தெருவில் அப்படி நாலைந்து கிடைத்தால் அவற்றின் சான்றிட்ட நகல்களைத் தாக்கல் செய்யுங்கள். சராசரியை உயர்த்த அதுதான் நேரான வழி.

கட்டடத்துக்குத் தனி மதிப்பு உண்டு. அதில் தேய்மானம் கழித்திருக்கிறார்களா, ஆழ்துளைக் கிணறு, மோட்டார், மின் இணைப்பு எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள்.

வாடகைக்கடை

நான் வேறொரு ஊரில் இருபது வருஷமாக வாடகைக் கடையில் டைலரிங் செய்கிறேன். எங்கள் வரிசையும் போகப் போகிறது. உரிமையாளருக்கு நோட்டீஸ் வந்தது, எனக்கு ஒரு துண்டுத் தாள்கூட வரவில்லை. கொடுத்த அட்வான்ஸ் திரும்பக் கிடைத்தால் போதும் என்று சொல்கிறார்கள். என் வாடிக்கையாளர்கள் எல்லாம் அந்தத் தெருக்காரர்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு ஏதாவது உண்டா?

கீழ்க்கோர்ட்_வக்கீல்

உண்டு அண்ணா, ஆனால் கேட்டால்தான் உண்டு. 2013 சட்டம் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்று சொல்லும்போது நிலம் வைத்திருப்பவரோடு நிறுத்தவில்லை. கையகப்படுத்துவதற்கு முன் மூன்று ஆண்டுகளாவது அங்கே பிழைப்பு நடத்திய குத்தகைதாரர், கைவினைஞர் போன்றவர்களையும் சேர்க்கிறது. மாநிலச் சட்டத்தின்கீழ் எடுத்தாலும் இழப்பீடும் மறுவாழ்வும் அந்தச் சட்டத்தின் அட்டவணைகளின்படிதான். வாடகை ஒப்பந்தம், ரசீது, மின் கட்டணம், தொழில் உரிமம், ஜி.எஸ்.டி. இருந்தால் அது என்று எல்லாவற்றையும் சேர்த்து, மாவட்ட ஆட்சியருக்கும் நிலம் எடுப்பு அலுவலருக்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள்.

திட்டத்துக்கு வெளிநாட்டு வங்கிக் கடன் இருக்கிறதா என்றும் பாருங்கள். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். அதில் ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி எல்லாம் கடன் கொடுத்திருக்கின்றன. அந்த மாதிரி வங்கிகளின் பாதுகாப்புக் கொள்கையில் பட்டா இல்லாதவர், வாடகைதாரர், நடைபாதை வியாபாரி எல்லோரும் கணக்கில் வருவார்கள். அதற்கென்று கணக்கெடுப்பும் குறைதீர்க்கும் ஏற்பாடும் இருக்கும். மாநில நிதியில் நடக்கும் திட்டத்தில் இந்தக் கூடுதல் பிடி கிடையாது. ஒரே மாதிரி கடை, ஒரே மாதிரி இழப்பு, பணம் எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து மரியாதை மாறுகிறது. இதை நான் நியாயம் என்று ஏற்கவே மாட்டேன்.

அடுக்ககச்_செயலாளர்

எங்கள் அடுக்ககத்தின் கதையையும் சொல்கிறேன். 32 வீடுகள். ஒரு ரயில் திட்டத்துக்காக முன்பக்கக் காலியிடத்தில் ஒரு துண்டு எடுத்தார்கள். யாருடைய வீட்டையும் தொடவில்லை, அதனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆனால் அந்த இடம் 32 பேருடைய யூ.டி.எஸ்.ஸிலும், அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கிலும், இருக்கிறது. 32 பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நான்கு பேர் வெளிநாட்டில், இருவருக்கு வாரிசுத் தகராறு, ஒருவர் வீடு வங்கி ஏலத்தில். அப்புறம் போனது எது? பதினொரு கார் நிறுத்தும் இடம், மழைநீர்த் தொட்டி, தீயணைப்பு வண்டி திரும்பும் இடம். தனித்தனியாக ஒவ்வொருவருக்கும் வந்த தொகை சின்னது. போன வசதி எல்லோருக்கும் பொதுவானது, அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றே படிவத்தில் இடமில்லை.

இதைப் படிக்கும் அடுக்ககவாசிகளுக்கு: நோட்டீஸ் வரும் முன்பே சங்கத்தில் தீர்மானம் போட்டு ஒருவருக்கு அதிகாரம் கொடுத்து வையுங்கள். பத்திரங்களில் யூ.டி.எஸ். கூட்டிப் பார்த்து மொத்தம் சரியாக வருகிறதா என்றும் பாருங்கள். எங்களுடையதில் வரவில்லை.

கொல்கத்தா_தமிழன்

மேலே எடுப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள். இங்கே கொல்கத்தாவில் கீழே போனதால் வீடு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பௌபஜாரில் 2019 ஆகஸ்ட் 31 அன்று கிழக்கு-மேற்கு மெட்ரோவின் சுரங்க இயந்திரம் நிலத்தடி நீர்ப்படுகையை உடைத்தது. மேலே துர்கா பித்துரி லேன், ஸ்யாக்ராபாரா லேன் சந்துகளில் பழைய வீடுகள் விரிந்து சரிந்தன. நூற்றுக்கணக்கான பேரை ஹோட்டல்களுக்கு மாற்றினார்கள். 2022இல் மே மாதம் ஒரு முறை, அக்டோபரில் ஒரு முறை, மறுபடியும் விரிசல். அந்தப் பாதையில் எஸ்பிளனேடு–சியால்டா இடையே ரயில் ஓடத் தொடங்கியது 2025 ஆகஸ்ட் 22இல். அந்தப் பகுதி நகைப் பட்டறைகளின் இடம். ஒரு வீட்டில் குடும்பமும் இருக்கும், கீழே நான்கு பட்டறையும் இருக்கும். அவர்களுடைய நிலத்தை யாரும் கையகப்படுத்தவில்லை. பத்திரம் பத்திரமாகவே இருந்தது, வீடுதான் இல்லை.

கீழ்க்கோர்ட்_வக்கீல்

முக்கியமான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். நிலத்துக்கு அடியில் இருப்பது யாருடையது? நம் நாட்டில் நில உரிமையாளருக்குத்தான், சட்டம் போட்டு அரசு எடுக்காதவரை. 2013இல் திரேசியம்மா ஜேக்கப் வழக்கில் கேரளக் கனிம நிலம் ஒன்றைப் பற்றி உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. மெட்ரோவுக்கென்று உள்ள 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிலத்தை மட்டுமல்ல, பயன்படுத்தும் உரிமையை மட்டும் தனியாக எடுக்கவும் வழி இருக்கிறது. ஆனால் அந்த உரிமைக்கு என்ன விலை என்பதில்தான் சிக்கல். வீட்டுக்கு அடியில் சுரங்கம் போனால் நாளைக்கு அடித்தளம் தோண்டவோ ஆழ்துளைக் கிணறு போடவோ கட்டுப்பாடு வரும். மெட்ரோ பாதைக்கு அருகில் கட்டவே தடையில்லாச் சான்று வேண்டும். இந்தக் கட்டுப்பாடுகளைச் சந்தை உடனே விலையில் கழித்துவிடுகிறது. இழப்பீட்டுக் கணக்கு அதே வேகத்தில் சேர்ப்பதில்லை.

ஜூரோங்வாசி

சிங்கப்பூரில் இதற்கு 2015இல் சட்டம் போட்டு ஒரு கோடு கிழித்துவிட்டார்கள். அரசு குறித்த ஒரு மட்டத்திலிருந்து 30 மீட்டர் ஆழம் வரை நில உரிமையாளருக்கு, அதற்குக் கீழே அரசுக்கு. மேல்நிலத்தைத் தொடாமல் அடிப்பகுதியின் ஓர் அடுக்கை மட்டும் கையகப்படுத்தவும் வழி செய்தார்கள். இங்கேயும் எல்லாம் ஆரம்பத்திலிருந்தே நியாயமாக இருந்ததில்லை. முழுச் சந்தை விலையில் இழப்பீடு என்பது 2007இல்தான் வந்தது. ஆனால் கோடு எங்கே என்று தெரிந்தால் சண்டையும் தெளிவாக இருக்கும்.

வரைபடக்காரர்

சுரங்கப் பாதைக்கு மேலே வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலை தொடங்கும் முன் கட்டடத்தின் நிலையைப் பதிவு செய்ய ஆட்கள் வருவார்கள். ‘அப்புறம் வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பாதீர்கள். ஒவ்வொரு அறையையும் காட்டி, ஏற்கெனவே உள்ள விரிசல்களையும் சேர்த்துப் பதிவு செய்யச் சொல்லி, அறிக்கையின் நகலைக் கேளுங்கள். நகல் தராவிட்டால் நீங்களே நாள் தெரியும்படி வீடியோ எடுத்து வையுங்கள். விரிசலின் இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, நடுவில் ஸ்கேலை வைத்து, நாளிதழின் முதல் பக்கம் தெரியப் படம் எடுங்கள். பின்னால் ‘இது பழைய விரிசல்’ என்று சொன்னால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும். 2017 ஏப்ரலில் அண்ணா சாலையில் சுரங்கப் பணிக்கு மேலே சாலை உள்வாங்கி, மாநகரப் பேருந்தும் காரும் பள்ளத்தில் இறங்கியதை எல்லோரும் பார்த்தோம். அது சாலை, அதனால் அன்றைக்கே தெரிந்தது. வீட்டுச் சுவரில் அது மெதுவாக நடக்கும்.

பாலத்தடி_மருந்துக்கடை

எங்களிடம் ஓரடி இடம்கூட எடுக்கவில்லை. அதனால் எங்களுக்கு நோட்டீஸும் இல்லை, ஆட்சேபமும் இல்லை, இழப்பீடும் இல்லை. கடையின் எதிரே பாலத்தின் ஏறுதளம் சுவராக எழும்பி நிற்கிறது. முன்பு எதிர்ப்பக்கத்து மருத்துவமனையிலிருந்து சீட்டோடு ரோட்டைக் கடந்து வருவார்கள். இப்போது அரை கிலோமீட்டர் சுற்றி வர வேண்டும். உடம்பு முடியாதவர் எப்படி வருவார்? வேலை நடந்த காலம் முழுக்கத் தகரத் தடுப்பு. பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூசு படியாமல் இருக்க மருந்து அலமாரிக்கெல்லாம் பிளாஸ்டிக் உறை போட்டேன். வேலைக்கு இருந்த இரண்டு பெண்களில் ஒருவரை அனுப்ப வேண்டியதாகிவிட்டது. பாலம் திறந்த அன்று மேலே வண்டிகள் பறந்தன. கீழே யாரும் நிற்கவில்லை.

கடை என் பெயரில்தான் இருக்கிறது. விற்கப் போனால் ‘பாலத்தடியா?’ என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்கு எந்தப் பிரிவில் உரிமை இருக்கிறது வக்கீல் சார்?

கீழ்க்கோர்ட்_வக்கீல்

அம்மா, உங்களுக்கு ஆறுதலாக ஏதாவது எழுத வேண்டும் என்றுதான் ஆசை. சட்டம் உங்களைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதே உண்மை. 2013 சட்டத்தின் பிரிவு 28இல், எடுப்பதால் மற்றச் சொத்துக்கோ வருமானத்துக்கோ ஏற்படும் பாதிப்பு, துண்டாவதால் வரும் நஷ்டம், தொழிலை இடம் மாற்றும் செலவு எல்லாம் இருக்கின்றன. ஆனால் எதையாவது எடுத்தால்தான் அந்தக் கதவு திறக்கும். கடைவீதிக்காரருக்குத் திறக்கும், உங்களுக்குத் திறக்காது. சாலையிலிருந்து உங்கள் கடைக்குள் நுழையும் வழியையே முழுதாக அடைத்திருந்தால் ரிட் போட இடம் உண்டு. சுற்றி வர வேண்டியிருக்கிறது என்றால் நீதிமன்றம் தலையிடுவது அரிது.

என் கருத்தில், நகரத் திட்டங்களில் இன்று மிகப் பெரிய ஓட்டை இதுதான். எடுத்த சதுர அடியை மட்டும் எண்ணுகிறோம். சட்டத்தை மாற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று இருக்கிறது. தடுப்பு வைத்த காலத்துக்குச் சொத்து வரிக் குறைப்பு, மின் கட்டண நிலைக்கட்டணத் தள்ளுபடி, கடைக்காரருக்கு மாத உதவித் தொகை என்று திட்டச் செலவிலேயே ஒரு பங்கை ஒதுக்கலாம். இத்தனை கோடிப் பாலத்தில் அது ஒரு தூணின் செலவுகூட ஆகாது என்றே நினைக்கிறேன். உங்கள் தெருக் கடைக்காரர்கள் சேர்ந்து மாநகராட்சிக்கும் ஆட்சியருக்கும் வரிக் குறைப்பு மனு கொடுங்கள். எழுதித் தர நான் தயார்.

தினப்பயணி

மருந்துக்கடை அம்மா எழுதியதைப் படித்தேன். பாலம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் அந்தப் பாலத்தின் மேலே போகும் நான் மிச்சப்படுத்தும் நேரத்தின் விலையை அவர் ஒருவர் கட்டுவது சரியில்லை. திட்ட மதிப்பீட்டில் சிமெண்டுக்கும் கம்பிக்கும் தொகை போடுவதுபோல இதற்கும் போட்டால் என்ன? வழக்கும் குறையும், வேலையும் சீக்கிரம் முடியும்.

கடைவீதிக்காரன்

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. வக்கீல் சாரிடம் கடைசியாக மூன்று விஷயம். கட்டடத்தையே முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கலாமா? தனிப்பேச்சுவார்த்தைக்கு வரச் சொல்கிறார்கள், போகலாமா? வரி பிடிப்பார்களா?

கீழ்க்கோர்ட்_வக்கீல்

முழுதாக எடுக்கக் கேட்பது: 2013 சட்டத்தின் பிரிவு 94, உரிமையாளர் முழு வீட்டையும் எடுக்கச் சொன்னால் பாதியை மட்டும் எடுக்கக் கூடாது என்கிறது. உங்கள் நோட்டீஸ் மாநிலச் சட்டத்தில் வந்திருக்கிறது. அந்த மாநிலச் சட்டங்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் செல்லாது என்றது, அதே ஆண்டு அரசு புதுச் சட்டம் போட்டு அவற்றை உயிர்ப்பித்தது, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. எனவே 94 அப்படியே பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன், வாதாட வேண்டியிருக்கும். ஆனாலும் ஆட்சேபத்திலேயே கேட்டுவிடுங்கள். ‘முழுதாக எடுங்கள், இல்லையென்றால் தூண்களை நகர்த்திக் கட்டடத்தை நிலைநிறுத்தும் செலவைக் கொடுங்கள்’ என்று இரண்டையும் எழுதுங்கள். தூண்களைப் பற்றி ஒரு கட்டமைப்புப் பொறியாளரின் சான்றிதழ் வேண்டும். இப்போது கேட்காததைப் பின்னால் கேட்டால் ‘ஏன் முதலில் சொல்லவில்லை’ என்பார்கள்.

ஆட்சேபம் எழுதி என்ன பயன் என்று நினைக்காதீர்கள். 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தில் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் வழக்கைப் பாருங்கள். மெட்ரோ நிறுவனம் தடையில்லாச் சான்று கொடுத்த பிறகு அவர்கள் தலைமை அலுவலகம் கட்டினார்கள். பின்னால் ஒரு கோயிலைத் தொடாமல் இருப்பதற்காகத் திட்டத்தை மாற்றி அவர்கள் இடத்துக்கு நோட்டீஸ் வந்தது. நீதிமன்றம் அந்த நோட்டீஸை ரத்து செய்தது. பெரிய நிறுவனம், பெரிய வக்கீல்கள் என்பது உண்மைதான். ஆனால் அங்கே நின்றது எழுத்தில் இருந்த சான்றுதான்.

தனிப்பேச்சுவார்த்தை: போங்கள், கேட்டுவிட்டு வாருங்கள். அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டாம். ஒத்துக்கொண்டு கிரயம் எழுதிக் கொடுத்தால் பின்னால் தொகை போதாது என்று நீதிமன்றம் போகும் வழி அடைபடும். பணம் சீக்கிரம் கிடைக்கும் என்பது அதன் நன்மை. மதிப்பீட்டாளர் சொன்னபடி நல்ல பத்திரங்கள் கிடைத்தால் மட்டும் காத்திருங்கள், இல்லையென்றால் பேசி முடிப்பது மேல். ஆட்சியர் நிர்ணயித்த தொகையை வாங்குவதானால் ‘ஆட்சேபத்துடன் பெறுகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். பிறகு மேல்தொகை கேட்கும் கெடுவையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

வரி: 2013 சட்டத்தின் பிரிவு 96 விலக்குத் தருகிறது, நேரடி வரிகள் வாரியமும் 2016இல் 36ஆம் எண் சுற்றறிக்கையில் அதை உறுதிசெய்தது. மாநிலச் சட்டத்தில் எடுத்ததற்கும், பேசி முடித்த கிரயத்துக்கும் அது எப்படிப் பொருந்தும் என்று ஆடிட்டரிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். வரி பிடித்த பிறகு திரும்பப் பெறுவது தனி அலைச்சல்.

கடைவீதிக்காரன்

புலப்பட நகலுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் விண்ணப்பித்துவிட்டேன். தங்கைகள் இருவரும் நேற்று வந்து பேசிவிட்டுப் போனார்கள், தகராறு இல்லை. கூட்டு அளவைக்கு மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று. கட்டமைப்புப் பொறியாளர் திங்கட்கிழமை வந்து தூண்களைப் பார்க்கிறார். என் கடையை ஒட்டி வாடகைக்கு இருப்பவர் சலூன் வைத்திருக்கிறார், அவருக்கும் தனியாக மனு எழுத வேண்டும். டைலர் அண்ணன் தன் மனுவை எழுதியதும் மாதிரிக்கு இங்கே போட முடியுமா?

வாடகைக்கடை

போடுகிறேன் தம்பி. மின் கட்டண ரசீதுகள் பழையவை கொஞ்சம் தேட வேண்டியிருக்கிறது, கிடைத்ததும் சேர்த்து எழுதிப் போடுகிறேன்.